படிக்கத் தெரியாத தாய்மொழி

காலை நாலரை மணி. மார்கழிப் பனியில் அலிபிரியின் விளக்குகள் மங்கித் தெரிகின்றன. மலை இன்னும் இருட்டுக்குள் இருக்கிறது. அடிவாரச் சந்நிதியில் உலோகப் பாதுகைகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் சுற்றி வருகிறார்கள். "இதுதான் பாதாள மண்டபம்" என்று எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் தன் பிள்ளைகளுக்குச் சொல்கிறார். "பாதாளம்னா பூமிக்கு அடியிலயாப்பா?" என்று பையன் கேட்கிறான். அப்பா சுற்றுமுற்றும் பார்க்கிறார். பாதாளமும் இல்லை, சுரங்கமும் இல்லை. தெலுங்கில் 'பாதால மண்டபம்' என்றால் பாதங்களின் மண்டபம். ஒரு லகரம் தமிழ்க் காதில் ளகரமாக விழுந்ததில் பெருமாளின் பாதம் பாதாளத்துக்குப் போய்விட்டது.

இந்தத் தடுக்கல்கள் எனக்குப் பழக்கமானவை. நான் வளர்ந்தது காட்பாடியில். சித்தூருக்கும் திருப்பதிக்கும் போகிற ஆந்திர பஸ்களின் நெற்றியில்தான் தெலுங்கு எழுத்து கற்றேன். பஸ் எங்கே போகிறது என்பது முன்பே தெரியும். அதிலிருந்து பின்னோக்கிப் போய் எழுத்தைப் பிடிக்க வேண்டியதுதான். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றாக இருந்தால் திருப்பதி. நடுவில் 'ப்' எங்கே என்று பல நாள் தேடினேன். தெலுங்கில் அது 'திருபதி', ஒற்றே கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது. அர்த்தம் முதலில், எழுத்து அப்புறம். பள்ளிக்கூடம் சொல்லித் தருவதற்கு நேர் எதிரான வழி.

அதே வயதில், படி ஏறுகிறவர்கள் 'ஏடுகொண்டலவாடா' என்று கூவும்போது என் மனதில் ஓர் ஓலை ஏடும் ஒரு மழை மேகமும் தோன்றும். ஏடு தெரியும், கொண்டல் தெரியும். சாமி ஏட்டையும் மேகத்தையும் வைத்திருக்கிறார் போல என்று நினைத்திருந்தேன். தெலுங்கில் ஏடு என்றால் ஏழு, கொண்ட என்றால் மலை. ஏழுமலையான். தமிழின் ழகரம் பல சொற்களில் தெலுங்கின் டகரமாக நிற்கும். கோழி அங்கே கோடி. இந்தச் சூத்திரம் பிடிபட்ட நாளில் நூறு சொற்கள் கைக்கு வந்ததுபோல் இருந்தது.

ஆனால் அடுத்த படியிலேயே வழுக்கும். தெலுங்கு அறிவிப்பில் 'அவசரம்' என்று கண்டால் நாம் பதறுவோம். அங்கே அதற்குத் தேவை என்றுதான் பொருள். 'செப்புலு' என்று எழுதிய இடத்தில் யாரும் எதையும் செப்ப வேண்டாம், செருப்பைக் கழற்றி வைத்தால் போதும்.

அலிபிரி என்ற பெயரே இப்படிப்பட்டதுதான். மலையின் அடியில் நின்ற புளியமரத்தால் 'அடிப்புளி' என்றிருந்து அலிபிரி ஆனதாக ஒரு விளக்கம் உண்டு. தெலுங்கில் புளி என்றால் 'சிந்த'. 'புலி' என்றால் காட்டில் உறுமுகிற புலிதான். தமிழன் நிழலுக்கு ஒதுங்குகிற இடத்தில் தெலுங்கர் ஓட வேண்டியிருக்கும்.

மொத்தம் 3,550 படிகள். இருநூறு முன்னூறு படி ஏறியிருப்பேன். எழுபது கடந்த ஒரு பாட்டி ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து ஏறிக்கொண்டிருந்தார். நாலு படி மேலே அவருடைய பேத்தி, பன்னிரண்டு வயதிருக்கும், உட்கார்ந்து உள்ளங்கை அளவுப் புத்தகம் ஒன்றை உரக்கப் படித்தாள். காதில் விழுந்தது திருப்பாவை. மார்கழியில் மேலே சந்நிதியிலும் சுப்ரபாதத்துக்குப் பதில் அதுதான். நான் எட்டிப் பார்த்தேன். புத்தகம் முழுக்கத் தெலுங்கு எழுத்து. ஆண்டாளின் தமிழ், ஓர் எழுத்துகூடத் தமிழில் இல்லாமல்.

"இன்னா நைனா பாக்கற? தமிழா நீ?" என்று பாட்டி கேட்டார்.

"ஆமாம்மா. நீங்களும் தமிழ்தானே?"

"எங்கூட்ல தமிழுதான். எழுத்து மட்டும் தெலுங்கு. எனக்கு அதுவும் தெரியாது" என்று சிரித்தார்.

சித்தூர்ப் பக்கத்துக் கிராமம். அவருடைய அப்பா திண்ணையில் உட்கார்ந்து தமிழ்ப் பேப்பர் படிப்பாராம். பாட்டி பள்ளிக்கூடம் போகவில்லை. மகள் படித்தது தெலுங்குப் பள்ளியில். பேத்தி இங்கிலீஷ் மீடியம், கூடத் தெலுங்கு ஒரு பாடம். நாலு தலைமுறை, நாலு பேரும் வீட்டில் பேசுவது தமிழ். அதைப் படிக்கத் தெரிந்தவர் முதல் ஆள் மட்டும்.

சிறுமி நிறுத்திவிட்டு, "ஆயா, 'மளை'ன்னா இன்னா?" என்று கேட்டாள். தெலுங்கு நெடுங்கணக்கில் ழகரம் இல்லாததால் அந்தப் புத்தகத்தில் ளகரம் போட்டிருந்தார்கள்.

"மளை இல்லடி, மய. வானத்துலேந்து வர்ற மய."

"ஓ, வர்ஷமா!"

ஆண்டாள் எழுதியது மழை. புத்தகத்தில் மளை. பாட்டி வாயில் வடாற்காட்டு மய. பேத்தி மனதில் அது வர்ஷமாக இறங்கியது. அங்கே ழகரத்தை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், அதுவும் வாத்தியாரின் பிரம்பு செய்த புண்ணியம். (அந்த எழுத்து தெலுங்குக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. பழைய தெலுங்குக் கல்வெட்டுகளில் ழகரம் இருந்து, பிறகு வழக்கொழிந்தது. 2014-இல் கம்ப்யூட்டர்களுக்கான யூனிகோட் பட்டியலில் அதற்கு மறுபடி இடம் கிடைத்தது.)

படிப்பது என்று நாம் ஒரே வேலையாகச் சொல்வதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. எழுத்தை ஒலியாக்குவது ஒன்று. ஒலியைப் பொருளாக்குவது இன்னொன்று. ஒரே மொழிக்குள் வளர்ந்தவருக்கு இரண்டும் ஒட்டிப் பிறந்ததுபோல் இருப்பதால் தையல் கண்ணில் படாது. இந்தப் படியில் அது பிரிந்து கிடந்தது. பேத்திக்கு எழுத்து தெரியும். அந்தப் பழைய தமிழ் தெரியாது. பாட்டிக்கு எழுத்தே தெரியாது. ஆனால் பாலும் நெய்யும் மாடும் மழையும் காதில் விழுந்தால் போதும். இரண்டு பேர் சேர்ந்து ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இவர்கள் இப்படி ஆனது தற்செயல் அல்ல. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கெல்லையாகச் சொல்வது இந்த வேங்கடத்தை. இதற்கு அப்பால் மொழி மாறிய நாடு என்று சங்கப் புலவர்கள் பாடினார்கள். ஆனால் மலை என்ன சுவரா? இரண்டு பக்கத்து ஜனங்களும் ஏறி இறங்கிய இடம். 1911 வரை சித்தூர்தான் வடாற்காடு மாவட்டத்தின் தலைநகர். அந்த ஆண்டு வடாற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைத்தார்கள். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் அங்கே போனது. ம.பொ.சிவஞானம் நடத்திய எல்லைப் போராட்டமும் பின்னால் வந்த படாஸ்கர் தீர்ப்பும் சேர்ந்து 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருப்பதியும் சித்தூரும் வரவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ் பேசுகிறவர்களும் இந்தப் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்களும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். மாறியது பள்ளிக்கூடம். 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானது. பாட்டிக்கு அதைப் பற்றி அபிப்பிராயம் இல்லை.

மேலே கோயில் சுவர்களுக்குப் போனால் கதை இன்னும் விசித்திரம். திருமலையிலும் திருப்பதியிலும் படித்தெடுக்கப்பட்ட கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை தமிழ். சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலானோர் உழைத்து வாசித்தவற்றை தேவஸ்தானம் 1930-களில் தொகுதிகளாக வெளியிட்டது. கிருஷ்ணதேவராயர் 1513-இல் முதல் தடவை வந்து கொடுத்த நகைகளைப் பற்றிய சாசனம் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று பல மொழிகளில் வெட்டப்பட்டது. யார் வந்தாலும் தன் எழுத்தில் படித்துக்கொள்ளலாம். அந்த ராஜாவே ஒரு நல்ல உதாரணம். அவர் ஆண்ட அரசு கன்னட நாட்டில். அவர் எழுதிய 'ஆமுக்தமால்யதா' தெலுங்குக் காவியம். அதன் நாயகியோ ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். ஒரு மொழியில் கேட்டதை இன்னொரு மொழியில் எழுதுவது அவருக்கு இயல்பாக இருந்திருக்கிறது. இதே அலிபிரி அடிவாரத்தில் திருமலை நம்பியிடம் ராமானுஜர் ஓராண்டு ராமாயணம் பாடம் கேட்டார் என்பது வைணவ சம்பிரதாயம். சம்ஸ்கிருத சுலோகம், தமிழ் விளக்கம். அந்த மரபில் பின்னால் வந்த உரைகள் இரண்டையும் கலந்த மணிப்பிரவாளத்தில் இருப்பதில் ஆச்சரியமில்லை.

எனவே சிறுமியின் கையில் இருந்த புத்தகம் இந்த மலைக்குப் புதிதல்ல. ஆனால் பாட்டி கேட்ட கேள்வி புதிது. "இவளுக்குத் தமிழ் எழுத்து கத்துக் குடுத்தா தெலுங்கு கெட்டுடும்னு இவ அம்மா சொல்றா. நெசமா நைனா?"

படித்தவர்களே இந்தப் பயத்தில் இருக்கிறார்கள். தலைக்குள் ஓர் அண்டா, ஒரு மொழியை ஊற்றினால் மற்றது வழியும் என்று. ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. ஒரிஸாவின் கோந்த் பழங்குடிக் குழந்தைகளிடம் அஜித் மொஹந்தி பல ஆண்டுகள் ஆய்வு செய்தார். சில ஊர்களில் அவர்கள் குயி மொழியோடு ஒரியாவும் பேசினார்கள். சில ஊர்களில் குயி மறைந்து ஒரியா மட்டும் மிச்சம். ஒரே இனம், ஒரே மாதிரி வறுமை. மொழி எப்படி இயங்குகிறது என்று யோசிக்க வேண்டிய சோதனைகளில் இரு மொழிக் குழந்தைகளே முன்னால் நின்றார்கள். 1994-இல் வந்த அவருடைய புத்தகத்தில் விவரம் இருக்கிறது.

எழுத்து விஷயத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. எலன் பியாலிஸ்டாக்கும் சகாக்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் ஆங்கிலத்தோடு ஸ்பானிஷ், ஹீப்ரு, சீனம் பேசும் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். எழுத்து வேலை செய்கிற முறை இரு மொழியிலும் ஒத்திருந்தால் ஒன்றில் படித்த பழக்கம் மற்றதற்குக் கைகொடுத்தது. ஸ்பானிஷுக்கும் ஹீப்ருவுக்கும் அது நடந்தது. ஒலியைக் கூட்டி எழுதாத சீனத்துக்கு அந்த அளவு நடக்கவில்லை. தமிழும் தெலுங்கும் இந்தக் கணக்கில் பங்காளிகள். இரண்டும் பிராமியின் வழி வந்தவை. மெய்யெழுத்தின் தலையிலும் இடுப்பிலும் உயிரெழுத்தைக் கட்டுகிற வித்தை ஒன்றுதான். தெலுங்கு படிக்கத் தெரிந்த குழந்தைக்குத் தமிழ் எழுத்தின் தத்துவம் பாதி தெரியும், உருவம்தான் பாக்கி.

அதிலும் ஒரு வேடிக்கை. தெலுங்கில் 'க'வுக்கு நாலு எழுத்து. எழுத்தைப் பார்த்தால் ஒலி வந்துவிடும்; மொழி தெரியாதவர்கூட ஓரளவு சரியாக வாசிக்கலாம். தமிழில் ஒரே ஒரு 'க'. கங்கையில் அது எப்படி ஒலிக்கும், பக்கத்தில் எப்படி, அகலில் எப்படி என்று எழுத்து சொல்லாது, காது சொல்லும். வெளியூர்க்காரர் தமிழ் வாசித்து நம்மைச் சிரிக்க வைப்பது இதனால்தான். ஆனால் இந்தச் சிறுமிக்கு அந்தக் காது ஆயா வீட்டில் இலவசமாகக் கிடைத்துவிட்டது. நான் மாட்டிக்கொள்வது எதிர்ப்பக்கம்: தெலுங்கின் நாலு 'க'வும் என் கண்ணுக்கு வேறு, காதுக்கு ஒன்று.

இத்தனை சொன்ன பிறகு ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டதும் அவள் சந்திக்கப்போவது ஆயாவின் தமிழை அல்ல. ஆயா 'கீது' என்பார்; புத்தகத்தில் 'இருக்கிறது'. ஆயா 'குந்திகினு' என்பார், புத்தகத்தில் 'உட்கார்ந்துகொண்டு'. எழுத்துக் கூட்டி ஒலியை எட்டிப் பிடித்தால், அது வீட்டில் கேட்ட மொழியாக இல்லை. தெலுங்கில் இந்த இடைவெளி குறைவு. கிடுகு வெங்கட ராமமூர்த்தி (1863-1940) வாழ்நாளெல்லாம் பண்டிதர்களோடு சண்டை போட்டு, பேசுகிற தெலுங்கை அச்சுக்குள் கொண்டுவர வழி செய்தார். இதே மாவட்டத்து நாமினி சுப்பிரமணியம் நாயுடு தமிழ்ச் சொற்கள் கலந்த சித்தூர் வட்டார மொழியிலேயே தெலுங்குக் கதைகள் எழுதினார். ஆக இந்தப் பெண்ணுக்கு இரண்டாம் மொழியின் புத்தகம் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாய்மொழியின் புத்தகம் தள்ளி நிற்கிறது. தாய்மொழிதான் எப்போதும் எளிது என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

ஜேம்ஸ் கட்டெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1886-இல் தன்னையே வைத்து ஒரு கணக்குப் பார்த்தார். முடிந்த வேகத்தில் வாசித்தால் ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு விநாடியை ஆயிரமாகப் பகுத்ததில் 138 பங்கு, ஜெர்மனில் 250, கிரேக்கத்தில் 484. எவ்வளவு பழக்கமோ அவ்வளவு வேகம் என்றார். கட்டெலுக்குப் பழகிய மொழியும் தாய்மொழியும் ஒன்றாக அமைந்தன. சித்தூர்ப் பெண்ணுக்கு அப்படி இல்லை. அவளுடைய வேகம் தெலுங்கில், ஆங்கிலத்தில். ஆயா திட்டினால் சுருக்கென்று தைப்பது தமிழில்.

கோட்டுக்கு இந்தப் பக்கமும் இதே கதை தலைகீழாக நடக்கிறது. கி.ராஜநாராயணன் வீட்டில் பேசியது தெலுங்கு; எழுதியது கரிசல் தமிழ். 'கோபல்ல கிராம'த்தில் தெற்கே ஓடிவந்த தெலுங்கு ஜனங்களின் கதையைத் தமிழில்தான் சொன்னார், அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. எல்லாரும் கி.ரா. ஆக முடியாது. 2006-இல் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் வந்தபோது கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் கேட்ட கவலை, பாட்டி என்னிடம் கேட்ட கவலையின் மறுபுறம்தான். அரசாங்கம் எந்தப் பக்கமானாலும் தன் மொழியைப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்கிறது. அது நியாயம். வீட்டு மொழியையும் படிக்க ஒரு பீரியடு ஒதுக்குவதில் மட்டும் இரண்டு பக்கமும் கை சுருங்கிவிடுகிறது.

பாட்டிக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "கெடாதும்மா. தெலுங்கு தெரிஞ்சவளுக்குத் தமிழ் எழுத்து சீக்கிரம் வரும்" என்று மட்டும் சொன்னேன். அவர் முழுக்க நம்பியதாகத் தெரியவில்லை. அடுத்த படிக்குக் குங்குமம் வைத்தார்.

காளி கோபுரம் தாண்டி, காட்டு வழியில் நடந்து, பத்து மணி வாக்கில் 'மோகாள்ள மெட்டு' வந்தோம். தெலுங்கில் மோகாள்ளு என்றால் முழங்கால்கள். செங்குத்தான படிகள்; முழங்காலை ஒடித்துத்தான் அனுப்பும். ராமானுஜர் மலையைக் காலால் மிதிக்கக் கூடாதென்று முழங்காலால் ஏறினார் என்பார்கள். அன்னமாச்சாரியார் சிறுவயதில் செருப்போடு ஏறிச் சோர்ந்து விழ, தாயார் வந்து எழுப்பியது இங்கேதான் என்பார்கள். பாட்டி அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

எதிரில் ஓர் எச்சரிக்கைப் பலகை. 2023 ஆகஸ்டில் இந்தப் பாதையில் ஒரு குழந்தையைச் சிறுத்தை கொன்ற பிறகு இப்படிப் பலகைகள் கூடிவிட்டன. மேலே தெலுங்கு, கீழே தமிழ். சிறுமி தெலுங்கை ஒரே மூச்சில் படித்துவிட்டாள். 'சிருத' என்ற சொல்லில் விரலை வைத்தாள். பிறகு விரல் கீழே தமிழ் வரிக்கு இறங்கியது. மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை என்று பார்த்தாள். காட்பாடி பஸ் ஸ்டாண்டில் நான் செய்துகொண்டிருந்த அதே வேலை.

"சி... ரு... அங்கிள், இது 'த'வா?"

"ஆமா. அதுக்கு முன்னால புள்ளி வெச்ச 'த்' ஒண்ணு இருக்கு பாரு."

"சிருத்... த... சிருத்தை?" திரும்பினாள். "ஆயா, சிருத்தையா இது?"

"சிறுத்தை" என்றார் பாட்டி, றகரத்தை அழுத்தி. "அதான் புள்ளைய இட்டுகினு போச்சே. கீழ இன்னா போட்டுகீது, அதையும் படி."

"அது கஷ்டம் ஆயா. லேட்டாகும்."

"ஆவட்டும். நான் இங்கதான் குந்திகினு கீறேன்."

அவள் மறுபடி பலகைப் பக்கம் திரும்பினாள். நான் மூன்றாவது எழுத்தைச் சொல்ல வாயெடுத்தேன். பாட்டி கையமர்த்தினார்.